கேட்குமுன் ஈவாய்

பேராசிரியர் மணவாளன் ‘மௌனம்’ என்ற சொல்லை இத்தோடு பதினோராவது தடவையாகச் சொன்னார். முதல் வரிசையின் நடு நாற்காலியில், தோளில் சரிகைச் சால்வையும் கையில் எலுமிச்சம்பழமுமாக உட்கார வைக்கப்பட்டிருந்த கோமளவல்லி, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு அதை எண்ணிக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் எண்ணுவது அவளுக்கு ஐம்பத்தொரு வருஷத்துப் பழக்கம். மேலே மின்விசிறி கீச்சிட்டதையும் எண்ணினாள், ஏழு ஏழாக எண்ணினாள், எட்டுக்குப் போகவே மாட்டாள். மாயவரத்துப் பிற்பகல் மூன்றரை மணி வெயில் மண்டபத்தின் தகரக் கூரையில் இறங்கி, உள்ளே இருந்த எழுபது எண்பது பேரையும் மெல்ல வேக வைத்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மௌனம், ஒரு மடக்கு. பேரமைதி, ஒரு மடக்கு. நல்ல மனிதர்தான், நாலு வருஷம் நாயாய் அலைந்து புத்தகம் எழுதியிருக்கிறார், மாமாவைப் பற்றி மாமாவுக்கே தெரியாத சங்கதியெல்லாம் அதில் இருக்கிறது, ஆனாலும் தொண்டையை நனைக்காமல் இவரால் மௌனத்தைப் பற்றிப் பேச முடியவில்லையே என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு நெஞ்சுக்குழியிலேயே நின்றுவிட்டது. நிகழ்ச்சி நிரல் மடியில் கிடந்தது. பேராசிரியர் உரை, அப்புறம் சாருலதாவின் பாட்டு, அப்புறம் ‘சபாரத்தினத்தின் மௌனம்’ என்ற நூல் வெளியீடு, அதற்கும் அப்புறம், ‘மகாவித்வான் அம்பர் சபாரத்தினம் அவர்களின் மருமகளும் அன்னாருடைய கடைசிப் பதினொரு பாட்டுகளைச் சுரப்படுத்தியவருமான திருமதி கோமளவல்லி குஞ்சிதபாதம் சில வார்த்தைகள்’. சில வார்த்தைகள்! அவளிடம் இருந்தது மூன்றே வார்த்தை. ஐம்பத்தொரு வருஷமாக அதே மூன்று வார்த்தை. இன்றைக்குச் சொன்னால் பேராசிரியரின் புத்தகம் கட்டுப் பிரிக்கும் முன்னாலேயே செத்துப் போகும். சொல்லாவிட்டால் அவளோடு அது காவிரிக்கரைக்குப் போய்ச் சாம்பலாகும், மாமா மட்டும் அந்தப் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார், கேட்டுக்கொண்டே, யார் பாடினாலும் எந்த ஊரில் பாடினாலும்.

மாமா பிறந்தது நாயனக்காரர் வீட்டில், பேராசிரியர் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவாமி புறப்பாட்டில் தெற்கு வீதி முனையிலிருந்து மேல வீதி முனை வரைக்கும் ஒரே மூச்சில் வாசிப்பாராம். ஒரே மூச்சாவது, மண்ணாவது. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் புதுக்காற்றை இழுக்கிற வித்தை, பழகினால் வரும், மாமாவே சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வயசில் கீழ் உதட்டில் ஒரு புண் வந்தது. அது ஆறுவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று, ஆறின உதடு நாயனத்தின் சீவாளியைப் பிடிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் குடித்தே செத்திருப்பார்கள். மாமா நாயனத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஊதமுடியாமல் போனதையெல்லாம் பாட்டாகக் கட்ட ஆரம்பித்தார். அதனால்தான் அவர் பாட்டில் எங்கேயும் சந்து கிடையாது. பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்குகிற இடம் தெரியாது, ஒரு சொல்லின் வாலில் அடுத்த சொல்லின் தலை ஒட்டிக்கொண்டிருக்கும், பாடுகிறவன் எங்கே மூச்சு விடுவது என்று திண்டாடிப் போவான். பட்டணத்துச் சங்கீதக்காரர்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சியதுண்டு, “அண்ணே, சரணத்துல ஒரு எடத்துலயாவது கொஞ்சம் மூச்சு விடுறாப்பல மாத்திக் குடுங்களேன்.” மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார், “மூச்சு விட வேண்டியதுதான், யாரு வேணாங்கிறா? கேக்குறவனுக்குத் தெரியக் கூடாது, அம்புட்டுத்தான்.” அப்படிப்பட்ட மனுஷன், நாற்பது பாட்டில் ஊசி நுழைய இடம் வைக்காத மனுஷன், நாற்பத்தோராவது பாட்டில் போய் ஏழு எண்ணிக்கை சும்மா இருப்பாரா? ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்தது, எல்லாருக்கும்தான் வந்தது, ஆனால் பெரிய மனிதர்கள் விஷயத்தில் சந்தேகம் வந்தால் யாரும் தவறு என்று நினைப்பதில்லை, தத்துவம் என்று நினைக்கிறார்கள்.

“நாற்பது பாடல்களில் ஒலியின் எல்லையைத் தொட்டவர்,” என்றார் பேராசிரியர், “கடைசிப் பாடலில் ஒலியைத் துறக்கிறார்.” கைதட்டல். கோமளவல்லியும் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டுத் தட்டினாள், தட்டாமல் இருந்தால் பார்ப்பார்களே. துறக்கிறாராம். மாமா எதைத் துறந்தார்? வறுத்த வேர்க்கடலையைத் துறக்கச் சொன்னார் டாக்டர், அதையே துறக்கவில்லை. அவர் துறக்காத இன்னொன்று தாளம். கண் மறைத்துப் போய், கை நடுங்கி, எழுத முடியாமல் ஆனபின் பாட்டு வரும்போதெல்லாம் “புள்ள, எழுது” என்று கூப்பிடுவார், கோமளம் என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை, புள்ளதான். தஞ்சாவூரில் ஆறு வருஷம் வீணை கற்றுக்கொண்டு வந்த புள்ள. அவள் கோடு போட்ட நோட்டை விரித்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். தொடையில் தட்டிக்கொண்டே பாடுவார், அவள் எழுத வேண்டும், தாளம் நிற்கக் கூடாது, நடுவில் பேசக் கூடாது, எழுந்திருக்கவே கூடாது. “ஒரு தடவதான் வரும் புள்ள. திருப்பிக் கேட்டியானா வேற என்னமோதான் வரும்.” பேச்சுக்குத்தான் தடையே தவிர வீட்டுக்காரியத்துக்கு இல்லை. வீட்டுக்காரியம் வந்தால் அதையும் அதே ராகத்தில், அதே தாளத்தில், பாட்டுக்குள்ளேயே செருகிவிடுவார். மோகனத்தில் ஒரு வரி போய்க்கொண்டிருக்கும், பூனை உள்ளே வரும், ‘கதவச் சாத்து புள்ள’ என்று மோகனத்திலேயே ஒரு சுற்று, அடுத்த சுற்றில் முருகன் மயிலேறிவிடுவான். தோடியில் ஒருநாள் ‘மோருல உப்பு இல்ல’. அப்படி வந்தால் அவள் அந்தச் சுற்றை எழுதாமல் அவ்வளவுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். கால்புள்ளி ஒரு எண்ணிக்கை, அரைப்புள்ளி இரண்டு. அப்புறம் ஆற அமர மாமா பாடிக் காட்டும்போது புள்ளியை எடுத்துவிட்டு வரியைச் சேர்த்து ஒட்டிவிடுவாள், அல்லது அந்த இடத்துக்கு அவர் வேறு சொல் தருவார். இது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. இதைப் போய் யாரிடம் சொல்ல, மகாவித்வான் தோடி ராகத்தில் மோருக்கு உப்புக் கேட்டார் என்று? சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் தேவலை, அதற்கும் ஒரு கட்டுரை எழுதுவார்கள்.

பேராசிரியர் மறுபடியும் பாட்டிலைத் திறந்தார். மூடி திறக்கிற கிறீச் என்ற சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கேட்க மாட்டாள், ஐம்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் அவள் தண்ணீர் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து போய் மொண்டு குடித்தாள். “என்ன பிடிவாதம்டி ஒனக்கு, கேட்டா நான் கொண்டாந்து தரமாட்டனா?” என்பார் அவள் வீட்டுக்காரர் குஞ்சிதபாதம். பாவம், தங்கமான மனுஷன், மூன்று வருஷத்துக்கு முன்னால் போனார், அவருக்கு இவள் தண்ணீர் கொடுத்தாள், பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள், நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தாள், போதும் போதுமென்று அவர் தலையை ஆட்டிய பிறகும் விட்டாள். சொல்லியிருக்கலாமே அவரிடம். கடைசி நாளில் சொல்லிவிட என்று காதோரம் குனிந்தாள். அப்போது அவர் சொன்னார், “அப்பாவுக்கு ஒன் கையால தண்ணி கெடச்சுது, எனக்கும் கெடைக்குது.” அவள் நிமிர்ந்துவிட்டாள்.

பங்குனி மாதம். வெயில் இதே மாதிரி, இதே மூன்று மூன்றரை மணி. வீட்டில் மாமாவும் அவளும்தான், குஞ்சிதபாதம் பொன்மலையில் ரயில்வே வேலையில் இருந்தார். மாமாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், அன்று காலையில் விட்டிருந்தது, கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தொடையில் தட்டினார். தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. சகானா ராகம். ‘கரை எது சொல்வாய் தாயே’ என்று வந்தது பல்லவி. அவள் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து நோட்டைப் பிரித்தாள். அப்படி ஒரு சகானாவை அவள் அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்கவில்லை. குரலே இல்லை அவருக்கு, காற்றில் பாதியும் சுரத்தில் பாதியுமாக வந்தது, ஆனாலும் ஓரிடத்தில் அறுபடவில்லை. எழுத எழுத அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைச் சொல்லிவிட வேண்டும், இதுதான் அவளுக்கு ரொம்ப நாளாக அறுத்துக்கொண்டிருப்பது: அந்தச் சிலிர்ப்பில் மாமா இல்லை. பாட்டு இருந்தது. அதைவிட, அவள் இருந்தாள். இந்தப் பாட்டு என் கையால்தான் பூமிக்கு வருகிறது, கீழே என் பெயரைப் போடுவார்கள் என்று ஓர் எண்ணம் சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. சரணம் வந்தது. ‘கேட்குமுன் ஈவாய் என்றுனை’ என்று பாடினார். கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். பஞ்சமத்தில் எடுத்து, காந்தாரத்தைத் தொட்டு, ரிஷபத்தில் குழைந்து இறங்கினார். தண்ணி, மூன்று எண்ணிக்கை. குடு புள்ள, நாலு எண்ணிக்கை. ஒரு சுற்று சரியாக இருந்தது. அடுத்த சுற்றில் ‘ஊரார் சொல்லக் கேட்டுவந்தேன்’ என்று பாட்டு தொடர்ந்தது. அவள் அரைப்புள்ளி ஒன்று, கால்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு வைத்துவிட்டு எழுதிக்கொண்டே போனாள். காதில் விழவில்லை என்று அவளால் ஒருநாளும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. விழாமலா கணக்காகப் புள்ளி வைத்தாள்? பானை அடுக்களை நிலைக்கு உள்ளே இருந்தது, எண்ணி எட்டு அடி, போக எட்டு, வர எட்டு, மொண்டு கொடுக்க ஒரு நேரம், மொத்தம் நாலு சுற்று. நாலு சுற்றுப் பாட்டு போய்விடும். திருப்பிக் கேட்டால் வேறுதான் வரும். சரணம் முடியட்டும் என்று நினைத்தாள். நாலே சுற்றுக்காக நினைத்தாள்.

சரணம் முடிந்தது. மாமா தலையணையில் சாய்ந்தார். அவள் உடனே எழுந்திருக்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், எழுதினதை ஒருதரம் மேலிருந்து கீழே வாய்க்குள் பாடிப் பார்த்தாள், பெருமையாக இருந்தது. அப்புறம்தான் போய்ச் செம்பில் மொண்டு வந்தாள். “மாமா, தண்ணி” என்றாள். தூங்கிக்கொண்டிருந்தார். நாலு நாள் தூங்காதவர், தூங்கட்டும் என்று செம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துத் தட்டால் மூடினாள். விளக்கேற்ற வந்தபோதும் செம்பு மூடினபடியே இருந்தது. மாமாவின் உதடு, அந்தக் கீழ் உதடு, அந்தப் பழைய தழும்பு, வெடித்துக் காய்ந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இருதயம் நின்றுபோயிற்று, தண்ணீர் கொடுத்திருந்தாலும் பால் கொடுத்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்றார், அவளைத் தேற்றுவதற்காக இல்லை, பொதுவாகத்தான் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும், பிழைப்பதா இங்கே கேள்வி? ராத்திரி ரயிலில் வந்திறங்கிய குஞ்சிதபாதம் அப்பாவின் காலைப் பிடித்து அழுதுவிட்டு, எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார், “கடைசியா தண்ணி குடிச்சாரா?” கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் இவளைப் பார்த்தார்கள். தாகத்தோடு போன உயிர் எங்கே போகும் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். “குடிச்சாரு,” என்றாள் கோமளவல்லி. “நான்தான் குடுத்தேன்.” அந்தப் பொய் அவருக்கு நாற்பத்தெட்டு வருஷம் தெம்பாக இருந்தது. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், யார் கிடைத்தாலும் சொல்வார், எங்கப்பா எம் பொண்டாட்டி கையால தண்ணி குடிச்சிட்டுப் போனாரு என்று. அவள் உள்ளே போய் வேலை இருப்பதுபோலப் பாத்திரத்தை உருட்டுவாள்.

பாட்டு அச்சில் வந்தது. புள்ளியை எடுத்திருக்கலாம், வரியைச் சேர்த்து ஒட்டியிருக்கலாம், ஏன் செய்யவில்லை? கை வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை ஒட்டிவிட்டால் அவர் கேட்டதே இல்லாமல் போய்விடும் போலிருந்தது. முதலில் பாடியவர்கள் புள்ளிகளைப் பார்த்து, அதற்கு முந்தின ரிஷபத்தை நீட்டிப் பிடித்தார்கள், அப்படித்தானே பிடிக்க வேண்டும். பிறகு ஒரு வயசான வித்வான் மூச்சுப் பிடிக்க முடியாமல் அங்கே வாயை மூடிக்கொண்டார், கண்ணையும் மூடிக்கொண்டார், சபை உருகிப் போயிற்று. அன்றிலிருந்து எல்லாருமே அங்கே கண்ணை மூட ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர் வைத்தார்கள், மௌன ஆவர்த்தனம் என்று. பாட்டு வானொலியில் வந்தது, கேசட்டில் வந்தது, இப்போது பேரன் போனில்கூட வருகிறது. எங்கே வந்தாலும் அந்தச் சுற்றில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்பதில்லை, அவளுக்கு மட்டும் கேட்கும். காற்றில் பாதி, சுரத்தில் பாதி. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பாட்டுக்குள் மட்டும்தான் கேட்டது. அவர் போனபின் வெளியிலும் வர ஆரம்பித்தது. குழாயைத் திருகி, தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே, அந்த இடைவெளியில் வந்தது. குக்கர் விசில் அடங்கின கையோடு வந்தது. பேச்சுவார்த்தையில் எதிராளி ஒரு கணம் யோசித்தால் அதற்குள் வந்தது. இப்போதெல்லாம் அவளுக்குச் சும்மா இருக்கிற எந்த நேரமும் பயம், எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போகும்.

“இந்த வரியைக் கவனியுங்கள்,” என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். “கேட்குமுன் ஈவாய் என்றுனை. கேட்பதற்கு முன்பே கொடுப்பவள் நீ என்கிறார். சொல்லிவிட்டு நிறுத்துகிறார். இப்போது அவர் கேட்க வேண்டும், இல்லையா? கேட்கவில்லை! ஏழு அட்சரம் கேட்காமல் நிற்கிறார். கேட்காமலே கொடுப்பவளிடம் கேட்பது பிழை என்று அறிந்த மௌனம் இது. அன்பர்களே, சபாரத்தினம் கேட்கவில்லை!” மண்டபம் எழுந்து நிற்காத குறையாகத் தட்டியது. கோமளவல்லி தட்டவில்லை. போன வருஷம் வீட்டுக்கு வந்து, அந்த ஏழு அட்சரத்தில் அவர் முகம் எப்படிம்மா இருந்தது என்று கேட்டாரே, கண்ண மூடியிருந்தாரு என்று சொன்னாளே, அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்கும். எவ்வளவு அழகாக இருக்கிறது இவர் சொல்வது. உண்மையைவிட எவ்வளவு நன்றாக இருக்கிறது. மாமாவுக்கே பிடித்திருக்கும், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அடேயப்பா என்றிருப்பார். இதைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? எழுபத்து மூன்று வயசில் நான் யோக்கியமாகி யாருக்கு என்ன? இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். எழுதினவர் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன். பாடுகிறவர்கள் கண்ணை மூடட்டும். இவ்வளவு பெரிய பாட்டில் ஏழு எண்ணிக்கை, அது ஒரு மூச்சுகூட இல்லை. முடிவு செய்ததும் தோள் லேசான மாதிரி இருந்தது.

சாருலதா மேடையேறினாள். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், பருத்திப் புடவை, பக்கத்தில் எவர்சில்வர் பிளாஸ்க். மேடை முழங்கால் உயரம்தான், பாடுகிறவள் கைக்கும் கோமளவல்லிக்கும் நாலு முழம் இருந்தால் அதிகம். உட்கார்ந்ததும் கீழே பார்த்துக் கும்பிட்டு, “அம்மா, தப்பாப் பாடினா மன்னிச்சுக்கணும்,” என்றாள். தப்பா? நீயா தப்பாகப் பாடப் போகிறாய் என்று கோமளவல்லி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தகிட தகதிமி. மிருதங்கம் மெல்ல நடந்தது. கரை எது சொல்வாய் தாயே. நன்றாகத்தான் பாடினாள், சுத்தமான சகானா, மூச்சு விடுவது தெரியவில்லை, மாமா பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவே போட்ட முடிச்சை அவள் அவிழ்க்காமல் அப்படியே கொண்டுபோனாள். கோமளவல்லியின் கை தானாகத் தொடையில் தட்டிற்று. எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சரணம் வந்தது. கேட்குமுன் ஈவாய் என்றுனை. சாருலதா கண்ணை மூடினாள், மிருதங்கக்காரரும் கையை எடுத்தார், மண்டபம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது, எண்பது பேர் அடக்கிக்கொண்டு அந்த இடத்தைத் துடைத்துக் காலி பண்ணிக் கொடுத்தார்கள், அதில் மாமா வந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணி, குடு புள்ள. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை, கோபமே இல்லை, எட்டு அடியில் பானை இருக்கிறது, புள்ள இருக்கிறாள், எடுத்துக் கொடுப்பாள் என்கிற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. ஊரார் சொல்லக் கேட்டுவந்தேன் என்று சாருலதா தொடர்ந்தாள். வழக்கப்படி சரணத்தின் முதல் வரிக்குத் திரும்பினாள், அந்த வரியை இரண்டு தடவை பாட வேண்டும். இன்னும் ஒரு தடவை வருவார், இதோ வருகிறார், இன்னும் மூன்று சுற்று, இன்னும் இரண்டு, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம் என்றுதானே முடிவு, கேட்குமுன் ஈவாய் என்றுனை, இன்னும் ஒன்று. மண்டபம் மறுபடி மூச்சை அடக்கியது. கோமளவல்லி வாயைத் திறந்தாள்.

பஞ்சமத்தில் எடுத்து, காந்தாரத்தைத் தொட்டு, ரிஷபத்தில் குழைந்து இறங்கிற்று. கிழக் குரல், பாதி காற்று. தண்ணி, மூன்று. குடு புள்ள, நாலு. ஒரு சுற்று சரியாக இருந்தது. பாடியது தான்தான் என்று அவளுக்குப் பாடி முடித்தபின் தெரிந்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. இனி அடுத்த சுற்று விழும், ஊரார் சொல்ல என்று அது பாட்டுக்குப் போய்விடும், அன்றைக்கும் அப்படித்தானே போயிற்று. விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், சாருலதாவின் கை தாளத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்க்கைத் திருகிக்கொண்டிருந்தது. தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் மூடியில் தண்ணீரை ஊற்றி, முட்டி போட்டபடியே மேடை விளிம்புக்கு நகர்ந்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“இந்தாங்கம்மா.”

“பாட்டு...” என்றாள் கோமளவல்லி. “பாட்டு போயிடும்மா.”

“பாட்டு எங்கம்மா போயிடப் போவுது? நீங்க மொதல்ல குடிங்க.”

பேராசிரியர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்திருந்தார். “ஒடம்புக்கு என்னம்மா செய்யுது?” என்று குனிந்தார். அவர் கக்கத்தில் புத்தகம் இருந்தது, அட்டையில் மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கோமளவல்லி மூடியை வாங்கிக்கொண்டாள். வாங்கினதில் கொஞ்சம் தண்ணீர் சால்வையில் சிந்தியது.

“எனக்கில்ல,” என்றாள். “அவரு கேட்டாரு. அந்த எடத்துல, இதே மாதிரி, பாட்டோட பாட்டா தண்ணி கேட்டாரு. நான் எழுதிக்கிட்டே இருந்துட்டேன்.”

சொன்னது மைக்கில் விழவில்லை, சாருலதாவுக்கும் பேராசிரியருக்கும் மட்டும்தான் கேட்டது. பேராசிரியர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், கக்கத்துப் புத்தகத்தை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அவர் பேசாமலிருந்தது எவ்வளவு நேரம் என்று கோமளவல்லி எண்ணவில்லை. மூடியை அண்ணாந்து குடித்தாள். சுடுதண்ணீர் ஆறி வெதுவெதுப்பாக இருந்தது, துளசி வாசனை வந்தது. கண்ணில் வந்ததும் அதுவும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. காலி மூடியை நீட்டினாள். சாருலதா அதை வாங்கிப் பிளாஸ்க்கில் திருகி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஊரார் சொல்லக் கேட்டுவந்தேன் என்று எடுத்தாள். பாட்டு விட்ட இடத்திலேயே இருந்தது.